வேலை கசக்கும்போது போட வேண்டிய கணக்குகள்

சம்பளம் நன்றாக வரும், வேலை மட்டும் கசக்கும். அந்தக் கட்டத்தில் 'விட்டுவிடு, மனதுக்கு நிறைவானதைத் தேடு' என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விட்ட பிறகு எந்த மாதத்தில் எது கழலும், சேமிப்பு ஏன் போட்ட கணக்குக்கு முன்பே தீரும், காலியான நாட்கள் மனதை என்ன செய்யும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த வழியைத் தனியாகக் கடந்த பிறகு இதை எழுதுகிறேன். ஓராண்டு தாங்கும் என்று ஒதுக்கிய பணம் அதற்கு வெகு முன்பே கரைந்தது. திரும்ப வேலைக்குப் போனபோது சம்பளம் பழைய அளவுக்கு வர நெடுநாள் பிடித்தது. நடுவில் தூக்கம் கெட்டது. போனது இவ்வளவுதான், புலம்புவதற்கு ஒன்றுமில்லை. இதில் இறங்குகிற எவருக்கும் படிகள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வருகின்றன. அதனால் என் கதையை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் படிகளைச் சொல்கிறேன்.

முதலில் வருவது கசப்பு. காலையில் கண் விழித்ததும் 'எதற்காக இந்த வேலை' என்ற கேள்வி. இந்த ஒரு கேள்விக்குள் மூன்று வெவ்வேறு நோவுகள் ஒளிந்திருக்கலாம். உடம்பும் மூளையும் களைத்துப் போயிருக்கலாம், பணத்தைப் பற்றிய பயம் அரிக்கலாம், அல்லது வேலையே உண்மையில் சக்கையாகிப் போயிருக்கலாம். காலையில் மூன்றும் ஒரே முகத்தோடுதான் வரும், மருந்து மட்டும் வேறு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலும் ஏளனமும் வருதல், செய்யும் வேலையில் திறம் குறைந்துவிட்டதாக உணர்தல். அதை ஒரு நோயாக அவர்கள் சேர்க்கவில்லை, சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள். இரண்டாவது அடையாளத்தைக் கவனியுங்கள். அது பேசினால் 'இந்த வேலைக்கு அர்த்தமே இல்லை' என்றுதான் பேசும். களைப்பு தத்துவம் பேசும்போது உடனே நம்பிவிடக் கூடாது.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சிறிய நோட்டுப் போதும். நான்கு வாரம், வேலை முடியும் நேரத்தில், தேதி போட்டு மூன்று எண்கள் எழுதுங்கள். இன்றைய களைப்பு பத்துக்கு எவ்வளவு, பணக்கவலை பத்துக்கு எவ்வளவு, இன்று செய்தது யாருக்காவது பயன்பட்டது என்ற எண்ணம் பத்துக்கு எவ்வளவு. நான்கு வாரம் ஏன் என்றால், மாதக் கடைசியும் தவணை தேதியும் பெரும்பாலும் அதற்குள் ஒரு முறை வந்துபோகும். களைப்பு வாரத் தொடக்கத்தில் இறங்கி வாரக் கடைசியில் ஏறினால் சிக்கல் வேலைச் சுமையில் இருக்கிறது. விடுப்பும் ஆள்பலமும் கேட்க வேண்டிய இடம் அது, ராஜினாமா கேட்கும் இடமல்ல. கவலை எண் தவணை தேதியை ஒட்டி மட்டும் துள்ளினால் வேலையை மாற்றினாலும் அது கூடவே வரும். வேலை குறைவாக இருந்த, நன்றாகத் தூங்கி எழுந்த நாட்களிலும் மூன்றாவது எண் தரையிலேயே கிடந்தால் மட்டும் வேலை சக்கையாகிவிட்டது என்று பேசலாம். இன்னொன்று: வேலைக்கு வெளியே பிடித்திருந்த விஷயங்களும் சேர்ந்து சுவையற்றுப் போய், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வோடு எடுக்கும் தொழில் முடிவைப் பிறகு திரும்பப் பெற முடியாமல் போகலாம்.

சக்கை என்று உறுதியானாலும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு: எந்தப் பகுதி சக்கை? ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்டுஹாம் என்ற இருவர் 1970களில் வகுத்த ஒரு சூத்திரம் இதற்கு இன்றும் உதவும். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். வேலை பலவிதத் திறமைகளைக் கேட்கிறதா? ஒரு காரியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே செய்கிறீர்களா? அதனால் அடுத்தவர் வாழ்க்கையில் ஏதாவது மாறுகிறதா? எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா? நன்றாகச் செய்தோமா இல்லையா என்பது வேலையிலிருந்தே தெரிகிறதா? முதல் மூன்றுக்கும் சராசரி எடுத்து, அதை நான்காவதாலும் ஐந்தாவதாலும் பெருக்க வேண்டும். பெருக்கல் என்பதுதான் இதில் சூட்சுமம். முதல் மூன்றும் 6 வாங்கும் உன்னதமான வேலையில் சுதந்திரமும் பின்னூட்டமும் தலா 2 என்றால் விடை 24. முதல் மூன்றும் 4 மட்டுமே வாங்கும் சாதாரண வேலையில் அவை இரண்டும் தலா 5 என்றால் விடை 100. பெரிய லட்சியத்துக்காக உழைக்கும் நிறுவனங்களிலும் ஆட்கள் வெறுத்துப் போவதற்கும், வெளியிலிருந்து பார்த்தால் மந்தமாகத் தெரியும் வேலைகளில் சிலர் தெம்பாக இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். லட்சியத்தைத் தேடி வேலை மாறுகிறவர்கள் முதல் மூன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பெருக்கும் எண்களைக் கேட்காமலே சேர்ந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது கேள்வியில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு ஒரு சோதனை பொருந்தும். டேன் ஏரியலியும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்டது. ஆட்களை லெகோ கட்டைகளால் சிறிய உருவங்கள் செய்யச் சொன்னார்கள், ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு, எண்ணிக்கை கூடக் கூடக் கூலி குறையும். ஒரு குழு செய்தவற்றை மேசையில் வரிசையாக வைத்தார்கள். இன்னொரு குழு செய்தவற்றை அவர்கள் கண்முன்னாலேயே பிரித்துத் திரும்பக் கையில் கொடுத்தார்கள். கூலி இரண்டு குழுவுக்கும் ஒன்றேதான். முதல் குழு சராசரியாக 10.6 உருவங்கள் செய்தது, இரண்டாவது 7.2. அலுவலகத்தில் கண்முன்னே பிரிக்கப்படுவது என்ன என்று தேடுங்கள். யாரும் படிக்காத வாராந்திர அறிக்கை, பாதியில் கிடப்பில் போடப்படும் திட்டம், இரவெல்லாம் தயாரித்துக் கடைசி நேரத்தில் ரத்தாகும் விளக்கக் கூட்டம். அறிக்கை அனுப்புவதை நிறுத்திவிட்டு யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள் என்பார்கள். அது வம்பு. அறிக்கையின் முதல் வரியிலேயே 'இது இனியும் தேவையா, தேவை என்றால் எந்தப் பகுதி' என்று கேட்டு அனுப்பினால் போதும், பாதிச் சுமை இறங்கும். புதிய வேலை வரும்போது தொடங்கும் முன்பே யார் இதைப் பயன்படுத்தப் போகிறார், எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அது பிரிக்கப்படப் போகும் உருவம்.

மூன்றாவது கேள்விக்கு வழி இன்னும் எளிது. ஆடம் கிராண்ட் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டு போன் பேசுகிற ஊழியர்கள், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படித்த ஒருவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் போனில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. சம்பளமும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. உங்கள் வேலையின் பலன் போய்ச்சேரும் ஆளை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் பார்க்க வழி செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் அழைப்பில் உடன் உட்காரலாம், அடுத்த துறையில் உங்கள் கோப்பைத் திறக்கிறவரிடம் எது உதவியது, எது தொல்லை என்று கேட்கலாம். இதற்கு யாருடைய அனுமதியும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

இனி பணம். சம்பளச் சீட்டில் இருக்கும் எண் நீங்கள் விற்கும் நேரத்தின் விலை என்று நினைப்பது எல்லாருக்கும் வழக்கம். உண்மை விலை வேறு. கையில் வரும் மாதச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி, மாதம் 22 நாள், மொத்தம் 176 மணி. ஒரு மணிக்கு 0.57 பங்கு என்று தோன்றும். இப்போது வேலைக்காகவே ஆகும் செலவுகளைக் கழியுங்கள்: போக்குவரத்து, அலுவலக உடை, சமைக்கத் தெம்பில்லாமல் வெளியில் வாங்கிய சாப்பாடு, களைப்பைத் தீர்க்க வாங்கிய பொருட்கள். 18 பங்கு என்று வையுங்கள், மீதி 82. நேரத்தையும் கூட்டுங்கள்: போகவர 2 மணி, கிளம்ப அரை மணி, இரவு மெயிலும் அழைப்புமாக ஒரு மணி. நாளுக்கு மூன்றரை மணி கூடினால் மாதத்தில் 77 மணி. ஆக 253 மணிக்கு 82 பங்கு, ஒரு மணிக்கு 0.32. மணிக்கூலி நூறு என்று நம்பியிருந்தால், உண்மையில் அது ஐம்பத்தேழுதான். இந்த எண் கைக்கு வந்ததும் இரண்டு பயன். ஒன்று, 13 பங்கு விலையுள்ள பொருளைப் பார்த்தால் அது 40 மணி நேரம் என்று தெரியும். வாங்கக் கூடாது என்றில்லை, எத்தனை மணி கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கலாம். இரண்டாவது பயன் பெரியது: சம்பளம் குறைவான, ஆனால் பயணமும் இரவு வேலையும் இல்லாத இன்னொரு வேலை, மணிக் கணக்கில் பார்த்தால் பழையதைவிட அதிகமாகத் தரலாம். வேலைக்கான செலவு 8 போக 85 பங்கு சம்பளத்தில் 77 மிஞ்சி, கிளம்பும் அரை மணியையும் சேர்த்து மாதம் 187 மணிதான் ஆகிறது என்றால் மணிக்கு 0.41. சம்பளம் 15 பங்கு குறைந்தும் மணிக்கூலி ஏறிவிட்டது.

சேமிப்புக் கணக்கில்தான் பெரிய அடி விழும். மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டால் வாடகை, மளிகை, மின்சாரம் என்று கூட்டி ஒரு எண்ணைச் சொல்வோம். அது எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் காப்பீட்டுத் தொகை, கல்விக் கட்டணம், வண்டிப் பழுது, பல் மருத்துவம், உறவினர் வீட்டு விசேஷம், கெட்டுப்போன போன் எதுவும் அதில் இருக்காது. வங்கிக் கணக்கின் கடந்த பன்னிரண்டு மாத அறிக்கையை எடுத்து, வெளியே போன மொத்தத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். சேமிப்புக்கு மாற்றியதை மட்டும் கழித்துவிடலாம். மனக்கணக்கில் 60 பங்கு என்றால் இதில் 78 வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதோடு இதுவரை நிறுவனம் கட்டிவந்த மருத்துவக் காப்பீடு, ஓய்வுகால நிதியில் அவர்கள் போட்ட பங்கு போன்றவற்றையும் சேர்த்தால் 86. கையில் 720 பங்கு சேமிப்பு இருந்தால் மனக்கணக்கு 12 மாதம் என்று சொல்லும், உண்மைக் கணக்கு 8 மாதத்துக்குச் சற்று மேலே நிற்கும். இன்னும் முடியவில்லை. அடுத்த வேலை தேட, நேர்காணல், முடிவு, சேரும் தேதி, முதல் சம்பளம் என்று சாதாரணமாகவே நான்கு மாதம் பிடிக்கும். ஆக, நிம்மதியாக யோசிக்கக் கிடைப்பது நான்கு மாதம்தான், பன்னிரண்டு இல்லை. இந்தக் கழித்தலைப் போடாமல் கிளம்பினால் ஐந்தாம் மாதத்தில் வரும் திகில் எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

விட்ட பிறகு வரும் முதல் சில வாரங்கள் இனிக்கும். தூக்கம் சேரும், கிடப்பில் இருந்த வீட்டு வேலைகள் முடியும். இரண்டாம் மாதம் வாக்கில் நாள் குழைய ஆரம்பிக்கும். எழும் நேரம் தள்ளிப்போகும், ஒரு மணி நேர வேலை முழுநாளையும் விழுங்கும். இதைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வது வழக்கம். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியன்டால் என்ற சிற்றூரில் ஊருக்கே பிழைப்புக் கொடுத்த ஆலை மூடப்பட்ட பிறகு மரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் அங்கே விரிவாக ஆராய்ந்தார்கள். வேலையில்லாதவர்களுக்கு நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது, ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்திருந்தது. சம்பளத்தைத் தவிர வேலை சத்தமில்லாமல் கொடுக்கும் ஐந்தை யஹோடா பிற்பாடு வரிசைப்படுத்தினார்: நாளுக்கு ஒரு கால ஒழுங்கு, வீட்டாரைத் தாண்டிய மனிதத் தொடர்பு, பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் பங்கு, சமூகத்தில் ஓர் அடையாளம், ஓயாமல் ஏதாவது செய்யவைக்கும் கட்டாயம். கசந்த வேலையும் இந்த ஐந்தையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. விடுவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன என்று எழுதி வையுங்கள். காலையில் குறித்த நேரத்தில் வெளியே போகவைக்கும் ஒரு வகுப்பு, வாரம் இரண்டு முறை ஆட்களைச் சந்திக்கும் தன்னார்வப் பணி, 'என்ன செய்கிறீர்கள்' என்ற கேள்விக்கு நெளியாமல் சொல்ல ஒரு வரிப் பதில். கடைசியில் சொன்னதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். விசேஷ வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பயந்து போகாமல் இருந்து இருந்தே தனிமை முற்றிவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் பொழுதுபோக்கைத் தொழிலாக்கப் பார்ப்பார்கள். படம் வரைவது, எழுதுவது, மரவேலை, புகைப்படம், எதுவாகவும் இருக்கலாம். முடியாததல்ல, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், தாமாகவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் வரைந்தால் பரிசுப் பத்திரம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிற்பாடு பரிசு இல்லாத நாட்களில் அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆசைக்கும் கூலிக்கும் நடுவே அப்படி ஓர் உராய்வு உண்டு. அதனால் அந்தக் கலையில் ஒரு மூலையையாவது விற்பனைக்கு இல்லை என்று தனியே வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, பணம் வரும் வேகம். முதல் மாதம் செய்த வேலைக்கு மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்பி, முப்பது முதல் அறுபது நாள் தவணை போய், நினைவூட்டல் இரண்டு போன பிறகு காசு கைக்கு வரும்போது நான்காம் மாதம் ஆகியிருக்கும். தொடங்கும்போதே மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அட்வான்ஸ் கேளுங்கள், கொடுக்கத் தயங்குகிறவர் பெரும்பாலும் பின்னாலும் தயங்குவார். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை எழுத்தில் போடுங்கள். விலை பேசுவது, கணக்கு எழுதுவது, பாக்கி வசூலிப்பது எல்லாவற்றுக்கும் யாரும் கூலி தரமாட்டார்கள். அதனால் மணிக்கூலி வைக்கும்போது, வேலை செய்யும் நேரத்தில் பாதிக்குத்தான் பணம் வரும் என்று வைத்தே வைக்க வேண்டும். வரும் ஒவ்வொரு தொகையிலிருந்தும் வரிக்கென்று ஒரு பகுதியை அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சம்பளத்தில் யாரோ பிடித்துக்கொண்டிருந்ததை இனி நீங்களேதான் பிடிக்க வேண்டும்.

பணம் இறுக ஆரம்பித்த பிறகு பெரிய முடிவு எதையும் எடுக்காமல் இருப்பது முடிந்தவரை நல்லது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் சோதித்தார்கள். அதே ஆள், அதே மாதிரிச் சோதனை, ஆனால் பணமுடை இருந்தபோது சிந்தனைத் திறன் மதிப்பெண் குறைந்திருந்தது. புத்தி மங்கவில்லை, கவலை அதன் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தது. அதனால் தெளிவாக இருக்கும்போதே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: சேமிப்பு இத்தனை மாதச் செலவுக்கு இறங்கினால், பிடித்ததோ பிடிக்காததோ, சம்பள வேலை தேடத் தொடங்குவேன் என்று. அந்தக் கோட்டைக் குடும்பத்தில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். ஐந்து மாதச் செலவு என்பது நியாயமான கோடு. அதற்குக் கீழே போனால் வருகிற முதல் வேலையை, வருகிற சம்பளத்துக்கே ஒப்புக்கொள்ள நேரிடும். பழைய சம்பளத்தைவிடக் குறைவாகச் சேர்ந்தால் அடுத்த உயர்வும் அந்தக் குறைந்த எண்ணின் மேல்தான் கணக்கிடப்படும்.

பணம் வந்தால் மனக்குறை தீருமா என்ற பழைய வாதத்துக்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. ஆய்வாளர்களான டேனியல் கானமனும் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் முதலில் ஒருவருக்கொருவர் முரணான முடிவுகளைச் சொன்னவர்கள், பிறகு பார்பரா மெல்லர்ஸோடு சேர்ந்து 2023இல் ஒன்றாக எழுதினார்கள். பெரும்பாலோருக்கு வருமானம் கூடக் கூட மகிழ்ச்சியும் மெல்லக் கூடுகிறது. ஆனால் மிகவும் துயரத்தில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஓர் அளவு வரைதான் பணம் உதவுகிறது, அதற்குப் பிறகு வருமானம் ஏறினாலும் மகிழ்ச்சி ஏறுவதில்லை. அந்த ஐந்தில் ஒருவராக உங்களை உணர்ந்தால் அடுத்த சம்பள உயர்வுக்காகக் காத்திருப்பது வீண், முன்னே சொன்ன நோட்டுக்கும் மருத்துவருக்கும் திரும்புங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் விடுவதுதான் சரி என்று வந்தால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன் சில காரியங்கள். சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, மூன்று மாதம் கிடைத்தால் மேலே சொன்னவற்றில் பாதியைத் திரும்பி வரும் கதவோடு சோதித்துவிடலாம். தேட நினைக்கும் புதிய வேலையை வாரக் கடைசிகளில் சிறு அளவில் செய்து பாருங்கள், அதன் அலுப்பான பகுதியையும் சேர்த்து. நோட்டீஸ் காலம் எத்தனை நாள், மிச்ச விடுப்புக்குப் பணம் உண்டா, போனஸ் எந்தத் தேதி வரை இருந்தால் கிடைக்கும், படிப்புக்கோ இடமாற்றத்துக்கோ நிறுவனம் கொடுத்த தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்றால், சொந்தமாக எடுக்கும் காப்பீட்டைக் கடைசி நாளுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைக்கும் நிறுவனங்கள் உண்டு. வீடு மாற வேண்டியிருந்தாலோ, இருக்கும் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற நினைத்தாலோ, சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடியுங்கள். வேலையில்லாதவருக்கு வீட்டுச் சொந்தக்காரரும் வங்கியும் காட்டும் முகம் வேறு. செய்த வேலைகளின் விவரத்தையும் உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு சக ஊழியர்களின் சொந்த எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அலுவலக மெயில் கடைசி நாள் மாலையிலேயே மூடப்பட்டுவிடும்.